டெங்கு இல்லேன்னா அப்ப என்ன காய்ச்சல் மிஸ்?

குளிருக்குக் கொசு அண்டாது என்பது எங்கள் இலங்கை மலையகத்துப் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்காத விஷயம். டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று எந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) போய்க் கேட்டாலும் இதே பதில்தான் வரும். கொசுக் காய்ச்சல் எல்லாம் கீழ்நாட்டுச் சங்கதி. இங்கே யாருக்காவது வந்திருந்தால் அது கொழும்பிலிருந்து பஸ் ஏறி வந்தது; புறக்கோட்டைக் கடையில் நிற்கிற பையன் தீபாவளிக்கு வரும்போது துணிமணியோடு சேர்த்துக் கொண்டுவந்தது. என் தாய்மாமா இதற்கு ஆதாரமும் வைத்திருக்கிறார். “பொறந்ததுலருந்து இந்த லயத்துலதான் படுக்கிறேன், ஒருநாளாவது கொசுவலை கட்டியிருக்கேனா?” என்பார். கட்டியதில்லை, உண்மைதான். கம்பளியை இழுத்து முக்காடு போட்டுப் படுக்கிற மனிதருக்குக் கொசுவலை எதற்கு? ஆனால் மாமா சொல்வதை முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. அதுதான் தொல்லை.

நான் ஹட்டன் டவுனில் ஒரு தனியார் லெப்பில் வேலை செய்கிறேன். இரத்தம் எடுப்பது, மெஷினில் போடுவது, ரிப்போர்ட் அடித்துக் கொடுப்பது. மழை தொடங்கினால் காலை எட்டு மணிக்கே வாங்குகள் நிறைந்துவிடும். வருகிறவர்களில் பெரும்பாலானோர் கையில் இருக்கும் துண்டில் இரண்டே வரிதான்: எஃப்.பி.சி., டெங்கு ஆன்டிஜன். எஃப்.பி.சி. என்றால் இரத்த அணுக்களை எண்ணுவது. டெங்கு ஆன்டிஜன் என்றால் என்.எஸ். 1 பரிசோதனை. சின்ன பிளாஸ்டிக் பட்டை ஒன்றில் சீரத்தை, அதாவது இரத்தத்தின் தெளிந்த நீரை, சொட்டு விட்டு இருபது நிமிடம் வைத்திருந்தால் ஒரு கோடோ இரண்டு கோடோ எழும்பும். ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு என்றால் இருக்கிறது. எங்கள் கழிவுப் பெட்டியில் விழுவதில் ஒற்றைக் கோட்டுப் பட்டைகள்தான் அதிகம்.

ஒரு ஆனி மாத மழையில் ஒரு பெரியம்மா பேரனை அழைத்துக்கொண்டு வந்தார். மலையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றும் படங்கு கட்டிய அடையாளம் சேலையில் அப்படியே இருந்தது. பையனுக்கு ஐந்தாவது நாள் காய்ச்சல். கண் சிவந்திருந்தது, முழங்காலை மடக்கவே முனகினான். வெள்ளை அணுக்கள் 3,200. பிளேட்லட் 1,30,000. பட்டையில் ஒரு கோடு. ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு நீட்டியபோது அந்தப் பெரியம்மா வாங்கவில்லை.

“டெங்கு இல்லேன்னா அப்ப என்ன காய்ச்சல் மிஸ்?”

“வைரஸ் காய்ச்சலா இருக்கும் பெரியம்மா. டொக்டர்கிட்டக் காட்டுங்க.”

“எந்த வைரசு?”

“அது இதுல தெரியாது.”

“இம்புட்டுப் பெரிய மெஷின் வச்சிருக்கீங்க. அதுக்குத் தெரியாதா?”

மெஷினுக்கு எண்ணத்தான் தெரியும். சிவப்பு இத்தனை, வெள்ளை இத்தனை, தட்டு இத்தனை என்று எண்ணிக் கொடுக்கும். பட்டைக்கோ ஒரே ஒரு கேள்விதான் தெரியும்: டெங்கு வைரஸின் அந்த ஒரு புரதம் இந்தச் சொட்டில் இருக்கிறதா? அதுவும் முதல் மூன்று நான்கு நாட்களில் கேட்டால்தான் ஒழுங்காகப் பதில் சொல்லும். ஐந்தாம் நாள் கேட்டால் டெங்குக் காய்ச்சலிலேயே சில நேரம் ஒற்றைக் கோடுதான் வரும். இதையெல்லாம் வரிசையில் நிற்கிற முப்பது பேருக்கு நடுவில் எப்படிச் சொல்வது? அடுத்த நாளும் இரத்தம் பார்க்கச் சொல்லி, தண்ணீர், கஞ்சி, ஜீவனி உப்புக் கரைசல் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன். பையன் ஒரு கிழமையில் தேறிவிட்டான். அவனுடைய கிளினிக் கொப்பியில் கடைசிவரை ‘வைரல் ஃபீவர்’ என்றுதான் இருந்தது. எனக்குத்தான் தேறவில்லை. எந்த வைரஸ் என்று ஒரு பாட்டி கேட்டால் பதில் சொல்ல யாருமில்லை என்பது எப்படி? அந்த மழைக்காலம் முழுக்க வீட்டுக்குப் போனதும் போனில் இதைத்தான் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன்.

குளிர் போடும் கணக்கு

முதலில் மாமாவின் கட்சியைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. டெங்கு உள்ளவரைக் கடித்த நுளம்பு, அதாவது கொசு, உடனே அடுத்தவருக்குக் கொடுத்துவிடாது. குடித்த இரத்தத்தோடு உள்ளே போன வைரஸ் முதலில் நுளம்பின் நடுக்குடல் சுவரில் பெருக வேண்டும். பிறகு அந்தச் சுவரைத் தாண்டி உடலுக்குள் பரவி, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு கடித்தால்தான் ஆபத்து. இந்தப் பயணத்துக்கு 30 பாகை செல்சியஸில் சராசரி ஆறரை நாள் பிடிக்கிறது. 25 பாகையில் 15 நாள். வெளியில் வாழும் ஒரு பெண் நுளம்பு இரண்டு மூன்று கிழமை தாக்குப்பிடிப்பதே பெரிய விஷயம். நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை அளவில்தான். அங்கே வைரஸ் உமிழ்நீருக்கு வந்து சேருமுன் நுளம்பின் ஆயுசு முடிந்துவிடும். ஈடிஸ் நுளம்புகள் டெங்கைப் பரப்புவதற்கு ஏறத்தாழ 18 முதல் 34 பாகை வரை வேண்டும், 26 முதல் 29 வரை உச்சம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆக, மாமா கொசுவலை கட்டாமல் தப்பித்ததற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் அந்தப் பாகைக் கணக்கு, வானிலை நிலையத்தில் வெளியே நிற்கிற வெள்ளைக் கூண்டுக்குள் எடுத்தது. லயத்துக் காம்பராவுக்குள் அடுப்பு எரிகிறது, தகரக் கூரை வெயிலை வாங்குகிறது, ஏழெட்டுப் பேர் மூச்சு விடுகிறார்கள். ஈடிஸ் ஈஜிப்டை என்ற இனம் வீட்டுக்குள்ளேயே அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் தள்ளுகிற சாதி. அதற்குக் காம்பராவின் வெப்பம்தான் கணக்கு. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் இறங்கினால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று ஒவ்வொரு வளைவுக்கும் சூடு ஏறிக்கொண்டே போகும். அங்கேயும் தோட்டங்கள்தான், அங்கேயும் நம் ஆட்கள்தான். கண்டி மாவட்டம் ஒவ்வொரு வருசமும் டெங்குப் பட்டியலில் முன்வரிசையில் நிற்கிறது, அதுவும் மலைநாடுதானே.

இன்னொன்று, இது முழுக்க டெங்கின் கணக்கு. வேறு வைரஸுக்கும் வேறு நுளம்புக்கும் வேறு கணக்கு. பின்லாந்து என்று ஒரு பனி நாடு இருக்கிறது, நுவரெலியா அதன் கால் தூசிக்குக் காணாது. அங்கே கோடை கழிகிற நேரத்தில் நுளம்பு கடித்து காய்ச்சலும் தடிப்பும் மூட்டு வலியும் வருகிறது. போகோஸ்டா நோய் என்பார்கள். அதற்குக் காரணமான சிண்ட்பிஸ் வைரஸை முதலில் கண்டுபிடித்தது எகிப்தில், 1952 இல், கெய்ரோவுக்குப் பக்கத்தில் பிடித்த நுளம்புகளில். நைல் நதிச் சூட்டில் பிடிபட்ட வைரஸ் பனிக்காட்டிலும் குடும்பம் நடத்துகிறது. இதை மாமாவிடம் சொன்னேன். “அது வெள்ளைக்காரன் கொசு” என்று முடித்துவிட்டார்.

சித்தியின் கை

பேர் வருமுன் நோய் வந்து போனதை நாங்கள் ஒருமுறை பார்த்திருக்கிறோம். 2006 கடைசியில் தொடங்கி 2007 வரை நாட்டைப் புரட்டிய சிக்குன்குனியாதான் அது. அப்போது எனக்குப் பள்ளிக்கூட வயது. எங்கள் சித்தி கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி, இரண்டு கையாலும் மாறி மாறிக் கிள்ளிக் கூடைக்குள் போடும்போது விரல் போவது தெரியாது. காய்ச்சல் மூன்று நாளில் விட்டது. ஆனால் காலையில் எழும்பினால் விரல்கள் கொக்கி மாதிரி மடங்கியே கிடக்கும். சுடுதண்ணீரில் முக்கி ஒவ்வொரு விரலாக நிமிர்த்திவிட வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போகப் படி இறங்கும்போது இஸ்தோப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்குவார். மாதக்கணக்கில் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழுந்தது. முதலில் எல்லாரும் சொன்னது ‘வைரஸ் காய்ச்சல்’, ‘குளிர் பிடித்த வாதம்’. ரேடியோவில் பேர் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் சித்திக்கு வந்தது என்ன என்று வீட்டில் தெரிந்தது.

அந்த வைரஸ் ஒன்றும் புதிதல்ல. 1952-53 இல் கிழக்காபிரிக்காவில், இன்றைய தான்சானியாவின் மக்கொண்டே மேட்டுநிலத்தில் பரவிய காய்ச்சலில் கண்டுபிடித்தது. எங்களுக்கு வேண்டிய செய்தி அதற்குப் பிறகு நடந்தது. 2005-06 இல் இந்து சமுத்திரத்து ரீயூனியன் தீவில் மூன்றில் ஒரு பங்கு மக்களை இது சாய்த்தது. அங்கே ஈடிஸ் ஈஜிப்டை குறைவு, ஈடிஸ் அல்போபிக்டஸ்தான் நிறைய. வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றில் 226 ஆவது இடத்தில் அலனின் இருக்க வேண்டிய இடத்தில் வலின் வந்து உட்கார்ந்தது. ஒரே ஒரு அமினோ அமிலம். அந்த ஒரு மாற்றத்தால் வைரஸ் அல்போபிக்டஸின் குடலில் பல மடங்கு எளிதாகத் தொற்றிக்கொண்டது. 2007 இல் கேரளாவில் பரவியதும் இந்த மாற்றம் பெற்ற வைரஸ்தான். இது ஏன் எங்களுக்கு முக்கியம் என்றால், அல்போபிக்டஸ் தோட்டத்து நுளம்பு. முதுகில் ஒற்றை வெள்ளைக் கோடு, காலில் வெள்ளை வளையம், பகலில் கடி. மரப்பொந்து, மூங்கில் குட்டை, வாழை மடல், கூரைத் தகரம் காற்றில் பறக்காமல் இருக்கத் தூக்கிப் போட்ட பழைய டயர், இவை போதும் அதற்கு. வீட்டு நுளம்பைவிடக் குளிரையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

உகண்டாவில் ஏன் இத்தனை பேர்கள்?

வைரஸ்களின் பேர்களைத் தேடிப் போனால் ஒரு வேடிக்கை கண்ணில் படும். வெஸ்ட் நைல், 1937, உகண்டா. புவம்பா, 1937, உகண்டா. செம்லிக்கி காடு, 1942, உகண்டா. புன்யம்வேரா, 1943, உகண்டா. சிக்கா, 1947, அதுவும் உகண்டா. உலகத்து நுளம்பெல்லாம் கூட்டணி போட்டு ஒரே நாட்டில் குடியேறினவா என்ன? விஷயம் வேறு. என்டெபே என்ற ஊரில் 1936 இல் ரொக்ஃபெல்லர் நிறுவனத்தின் உதவியோடு மஞ்சள் காய்ச்சலுக்கென ஒரு ஆய்வுகூடம் அமைத்தார்கள். அவர்கள் தேடியது மஞ்சள் காய்ச்சலை மட்டும்தான். காட்டுக்குள் மரத்தில் மேடை கட்டி நுளம்பு பிடித்தார்கள், கூண்டில் குரங்கைக் கட்டிவைத்துக் காய்ச்சல் வருகிறதா என்று பார்த்தார்கள். 1947 ஏப்ரலில் சிக்கா காட்டில் 766 ஆம் இலக்கக் குரங்குக்குக் காய்ச்சல் வந்தது. அதன் இரத்தத்தில் இருந்தது மஞ்சள் காய்ச்சல் அல்ல. அடுத்த வருசம் தொடக்கத்தில் அதே காட்டில் ஈடிஸ் ஆஃப்ரிக்கானஸ் நுளம்பிலும் அதே வைரஸ் பிடிபட்டது. பேர் வைத்தார்கள், எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான். அறுபது வருசம் அந்தப் பேரை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. 2007 இல் பசிபிக்கின் யாப் தீவில் ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தொற்றியது. 2015 இல் பிரேசிலில் தலை சிறுத்த குழந்தைகள் பிறந்தபோது, எதைச் சந்தேகிப்பது என்று தெரிந்தது, அந்த அறுபது வருசத்துப் பழைய பேர் இருந்ததால்.

தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கிறது, நம்மில் அதிகம் பேர் அறியாதது. வேலூர்ப் பக்கம் 1950களிலும் 60களிலும் மூளைக்காய்ச்சலுக்காக நுளம்பு, பறவை, விலங்கு என்று வலைபோட்டுத் தேடினார்கள். நுளம்புகளில் பாளையம் என்ற வைரஸ் கிடைத்தது. 1964 இல் ஒரு மூஞ்சூறில் கிடைத்ததற்குத் தோட்டப்பாளையம் என்று பேர். அது நுளம்பு வைரஸே அல்ல, ஹன்டா வைரஸ் என்கிற வேறு குடும்பம். அந்தக் குடும்பத்தில் உலகத்தில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது அதுதான் என்பது பிற்பாடு தெரிந்தது. ஒன்றைத் தேடப்போய் வேறொன்று கையில் கிடைப்பது இந்தத் துறையில் வழக்கம். ஆனால் தேடப் போகாதவன் கையில் எதுவும் கிடைப்பதில்லை. வைரஸ் பட்டியலை உலகப் படத்தில் குறித்துப் பாருங்கள், வைரஸ் எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. ஆய்வுகூடம் எங்கே இருந்தது, ஜீப் எதுவரை போனது, அதைத்தான் காட்டும்.

செத்த எலிதான் சாட்சி

ஜீப் போன இடத்திலும் எல்லாம் அகப்படவில்லை, ஏனென்றால் வலையின் கண் அப்படி. பிடித்த நுளம்புகளை இனம் பிரித்து, ஐம்பது நூறாகச் சேர்த்து அரைத்து, தெளிந்த நீரை எடுத்து, பிறந்து சில நாளேயான எலிக்குஞ்சின் மூளையில் ஏற்றுவார்கள். குஞ்சு நடுங்கினாலோ செத்தாலோ வைரஸ் இருக்கிறது. சாகாவிட்டால் இல்லை. பல பத்தாண்டுகள் இதுதான் முறை. நினைத்துப் பார்த்தால் எங்கள் ஒற்றைக் கோட்டுப் பட்டைக்கும் இந்த எலிக்கும் பெரிய வித்தியாசமில்லை. எலியைக் கொல்லாத வைரஸ் எத்தனை இருந்தாலும் அந்தக் கொப்பியில் பூச்சியம்தான்.

அந்தப் பூச்சியத்துக்குள் என்ன இருந்தது என்பது 1975 இல் லேசாகத் தெரிந்தது. ஸ்டொல்லர், தோமஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஈடிஸ் ஈஜிப்டையின் உயிரணு வளர்ப்பு ஒன்றிலிருந்து திரவத்தை எடுத்து அல்போபிக்டஸின் உயிரணுக்கள்மேல் விட்டபோது, அவை ஒன்றோடொன்று ஒட்டி உருண்டுபோயின. உள்ளே ஒரு வைரஸ். டெங்கு, மஞ்சள் காய்ச்சல் வைரஸ்களின் உறவுக்காரன்தான், ஆனால் மனிதனிலோ எலியிலோ வளராது, நுளம்பில் மட்டும். நெடுங்காலம் இதை ஒரு விநோதமாகவே ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிறகு, எதையும் வளர்க்காமல் நேரடியாக நுளம்பிலிருக்கும் ஆர்.என்.ஏ. என்கிற மரபுப் பொருள் முழுவதையும் வாசித்துவிடும் கருவிகள் வந்தன. கேள்வி கேட்டுக் காத்திருக்காமல் உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிப் பார்ப்பது. 2016 இல் சீன, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 220 இனத்துக்கு மேலான முதுகெலும்பில்லாப் பிராணிகளை இப்படி வாசித்து ஒரே கட்டுரையில் 1,445 ஆர்.என்.ஏ. வைரஸ்களை அறிவித்தார்கள். அதில் நுளம்பும் உண்டு, சிலந்தியும் உண்டு, நத்தையும் உண்டு. நுளம்பு, உண்ணி மாதிரியானவை கடித்துப் பரப்பும் வைரஸ்கள் என்று அத்தனை காலமும் சேர்த்துவைத்த பழைய பட்டியலில் ஐந்நூற்றுச் சொச்சம்தான், அதிலும் மனிதனுக்கு நோய் தருபவை நூற்றுச் சொச்சம். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் கொஞ்சம் தள்ளித்தான் போனது. நுளம்பு நமக்கு நோய் தருவதற்கென்று வைரஸைச் சுமக்கவில்லை. அது தன் பாட்டில் ஒரு வைரஸ் குடும்பத்தையே தாயிடமிருந்து முட்டைக்கு, முட்டையிலிருந்து குஞ்சுக்கு என்று சுமந்துகொண்டு திரிகிறது. நாம் நடுவில் போய்க் கையை நீட்டுகிறோம்.

நமக்குத் தொற்றாத வைரஸ் நமக்கென்ன என்று விட்டுவிடவும் முடியாது. பாங்கொக்கின் ஒரு வட்டாரத்துப் பேரைச் சுமக்கும் ஃபாசி சரோன் வகை வைரஸ் இன்று பல நாடுகளில் ஈடிஸ் ஈஜிப்டைக்குள் இருக்கிறது. இதுவும் பிரேசிலில் கண்ட இன்னொரு வைரஸும் சேர்ந்து குடியிருக்கும் நுளம்பு டெங்கைக் கூடுதலாகப் பரப்புகிறது என்று 2023 இல் காட்டினார்கள். வேறு சில பூச்சி வைரஸ்களோ நேர்மாறாக, வெஸ்ட் நைல் போன்றவற்றை உயிரணுவுக்குள் வளரவிடாமல் அடைத்துக்கொள்கின்றன. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் 1980களில் பிடித்த நுளம்பில் கிடைத்த எய்லாட் வைரஸ் மனித உயிரணுவில் பெருகவே பெருகாது. அதனாலேயே அதன் முதுகில் சிக்குன்குனியாவின் மேலுறையை ஏற்றித் தடுப்பூசி செய்து பார்க்கிறார்கள். சித்தியின் விரலை மடக்கியதற்கு மருந்து, யாரையும் கடித்துக் கெடுக்காத ஒரு வைரஸிலிருந்து வரலாம்.

மூங்கில் குட்டைக்குள் ஒரு ராட்சசன்

எங்கள் பகுதி பி.எச்.ஐ. ஐயா, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், லெப்புக்கு அடிக்கடி வருவார். டெங்கு பொசிட்டிவ் வந்தவர்களின் விலாசம் வாங்க வந்த இடத்தில் பழக்கம். ஒருநாள் தோட்டத்தில் நுளம்புக் குடம்பி (தண்ணீரில் நெளியும் நுளம்புப் புழு) பார்க்கப் போகும்போது நானும் வரலாமா என்று கேட்டேன். “காலுக்கு சப்பாத்து போட்டுக்கிட்டு வாங்க மிஸ், அட்டை கடிக்கும்” என்றார். லயத்துப் பக்கம் அவர் குனிந்து பார்த்தது எல்லாம் எதிர்பார்த்தவைதான். பீலித் தண்ணீர் ஒழுங்காக வராததால் வாசலுக்கு வாசல் நீலப் பீப்பாய், பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் உடைந்த கொமட், கூரையில் டயர். பிறகு கானைத் தாண்டி மூங்கில் புதருக்குப் போனோம். வெட்டிய மூங்கில் கட்டை ஒன்றில் தேத்தண்ணி நிறத்தில் நீர் நின்றது. நீண்ட ரப்பர் பிப்பெட்டை விட்டு உறிஞ்சி வெள்ளைத் தட்டில் ஊற்றினார். நெளிகிற சின்னப் புழுக்கள் ஏழெட்டு, அவற்றுக்கு நடுவே செம்பழுப்பு நிறத்தில் ஒரு தடியன். மற்றவற்றைப்போல மூன்று மடங்கு இருக்கும். அசையாமல் கிடந்தான். ஒரு புழு பக்கத்தில் நெளிந்து வந்ததும் தலையை ஒரு சொடுக்கு, கவ்விக்கொண்டான். பாதி உடல் வாயிலும் பாதி வெளியிலுமாக அந்தப் புழு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

“இவன் நம்ம கட்சி” என்றார் பி.எச்.ஐ. ஐயா. டொக்சோரிங்கைட்டிஸ். குடம்பியில் மற்ற நுளம்புக் குடம்பிகளைத் தின்னும்; வளர்ந்து பறக்கும்போது ஆண் பெண் இரண்டுமே பூந்தேன்தான் குடிக்கும், இரத்தம் தொடாது. தட்டில் இருந்ததை மறுபடி அதே கட்டைக்குள் ஊற்றிவிட்டார், அதிகாரப்படி அது சரியா தெரியாது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் இவனுக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது தெரிந்தது. நோயாளியின் சீரத்தில் டெங்கு இருக்கிறதா என்று பார்க்க எலிக்குஞ்சு அவ்வளவு உதவவில்லை. அதனால் லியோன் ரோசன், டுவேன் குப்லர் இருவரும் 1974 இல் உயிருள்ள நுளம்புக்கே ஊசி போட்டு வைரஸை வளர்க்கும் முறையை எழுதினார்கள். பிறகு அதற்கு டொக்சோரிங்கைட்டிஸைப் பிடித்தார்கள். உடம்பு பெரிது, ஊசி குத்தச் சுலபம். தப்பிப் பறந்தாலும் யாரையும் கடிக்காது. சில நாள் வைத்திருந்து, தலையைக் கண்ணாடித் துண்டில் நசுக்கிச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். கடிக்கத் தெரியாத நுளம்பின் தலைக்குள் மனிதனின் காய்ச்சலுக்குப் பேர் தேடியிருக்கிறார்கள்! இலங்கையில் நூற்று முப்பதுக்கு மேல் நுளம்பு இனங்கள் உண்டு. டெங்குச் சுவரொட்டியில் வரும் படம் அதில் ஒன்றோ இரண்டோ. மீதி என்ன குடிக்கின்றன, எதைச் சுமக்கின்றன என்று ஒவ்வொரு மரப்பொந்தையும் பார்த்து யார் எழுதுவது?

பரசிட்டமோல் கட்சி

எங்கள் லெப்பில் மூத்த அக்கா ஒருவர் இருக்கிறார். இந்த வேலையில் பழுத்தவர். நான் இப்படிப் புலம்பும்போதெல்லாம் ஒரே பதில்தான் சொல்வார்: “பேர் தெரிஞ்சு என்ன பண்ணப் போற? எந்த வைரசா இருந்தாலும் பரசிட்டமோலும் தண்ணியும்தானே.” லேசான வாதமல்ல. டெங்குக்கும் சிக்குன்குனியாவுக்கும் சிக்காவுக்கும் இன்றுவரை நேரடி மருந்து கிடையாது. மூட்டு வலியோடு வருகிற நோயாளிக்கு இன்றைக்கு வேண்டியது பேர் அல்ல, சேலைன்.

ஆனால் நோயாளி ஒருவர் என்பதும் ஊர் என்பதும் இரண்டு விஷயம். 1985-86 இல் அனுராதபுரம் பக்கம் பிள்ளைகள் மூளைக்காய்ச்சலில் விழுந்தபோது அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று பேர் தெரிந்தது. வயலில் வளரும் கியூலெக்ஸ் நுளம்பு, பன்றி, கொக்கு என்று சங்கிலி தெரிந்தது. 1988 இல் தடுப்பூசி தொடங்கிவிட்டார்கள். இன்று தோட்டத்துக் கிளினிக்கில் கைக்குழந்தைக்குப் போடுகிற அட்டையில் அதற்கும் ஒரு கட்டம் உண்டு. வெறும் ‘மூளைக்காய்ச்சல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எதற்கு ஊசி போட்டிருப்பார்கள்? எங்கள் மத்திய மலைநாட்டிலேயே, வைரஸ் காய்ச்சல் என்று விட்டிருக்கக்கூடிய சில காய்ச்சல்கள் உண்ணியாலும் சிற்றுண்ணியாலும் வரும் ரிக்கெட்சியா என்ற பக்டீரியாக் காய்ச்சல் என்று மருத்துவர்கள் தேடிக் கண்டிருக்கிறார்கள். அது வைரஸே அல்ல, டொக்சிசைக்கிளின் மாத்திரைக்கு அடங்கிவிடும். தேடாமல் இருந்திருந்தால் அவர்களுக்கும் பரசிட்டமோலும் தண்ணியும்தான் கிடைத்திருக்கும். இதைச் சொன்னபோது அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, என்னதான் செய்யணும்ங்கிற?” என்றார்.

நான் நினைப்பது பெரிய திட்டம் ஒன்றுமில்லை. டெங்கு இல்லை என்று வருகிற சீரத்தைச் சில நாள் வைத்திருந்து கழிவில் கொட்டுகிறோம். அதில் ஒரு சின்னக் குழாய் அளவு, காய்ச்சல் எத்தனையாம் நாள், எந்தத் தோட்டம், கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒட்டி, ஒழுங்கான பிரீசரில் வைத்தால் போதும். பேராதனைப் பல்கலைக்கழகத்திலோ கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்திலோ என்றைக்காவது ஒருவர் எல்லா ஆர்.என்.ஏ.வையும் வாசிக்கிற கருவியோடு மலைநாட்டுக் காய்ச்சலைப் பார்க்க உட்கார்ந்தால், அவருக்குக் கையில் ஏதாவது இருக்கும். புதிதாக ஒன்றும் கிடைக்காமலும் போகலாம், எல்லாம் நாள் தவறிய டெங்காகவே இருக்கலாம். அதுவும் ஒரு பதில்தானே. அக்கா கணக்குப் போட்டார். மைனஸ் 80 பிரீசர் என்ன விலை, கரண்ட் போனால் ஜெனரேட்டர் யார் போடுவது, இரத்தம் கொடுத்தவர்களிடம் கேட்காமல் வைத்திருக்கலாமா? விலைக்கும் கரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. மூன்றாவதற்கு மட்டும் ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். ஒப்புதல் படிவம் ஒன்றை இங்கிலீஷிலிருந்து இறக்காமல், மலையில் வேலை செய்கிற ஒருவர் நின்ற நிலையிலேயே வாசித்துக் கையெழுத்துப் போடக்கூடிய தமிழில் எழுதிப் பார்க்கிறேன். முதல் பக்கத்தில் சிவப்பு மையால் பாதியை வெட்டிவிட்டார் அக்கா. இரண்டாம் பக்கம் இன்னும் அவர் மேசையில்தான் கிடக்கிறது.